குட்டியின் இரத்தப் பரிசோதனை

தன் உபாதையை வாய்விட்டுச் சொல்லக்கூடிய மனிதருடைய நோயின் மூலத்தைக் காண்பதே வைத்தியருக்குப் பிரயாசையாக இருக்கையில், உள்ளே எது பழுதுபட்டிருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிவரும் நாய்க்குட்டியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் பற்றி அறிய விரும்புகிறவர் அதன் இரத்தத்தைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு ராஜபாளையம் குட்டிக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யுமுன், மயக்க மருந்தை அந்த அவயவங்கள் தாங்குமா என்று பார்த்துவிடுவது நலம் என வைத்தியர் சொன்னதன்பேரில் இரத்தம் எடுத்தார்கள். முன்னங்காலில் சிறிது ரோமத்தை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, உதவியாளர் முழங்கைக்கருகே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததும், நூலிழை போன்ற இரத்த நாளம் மெல்லப் புடைத்து எழுந்தது. ஊசி ஏறியபோது குட்டி முனகவில்லை. வைத்தியரின் சட்டைக்கையை முகர்ந்துகொண்டிருந்தது. எடுத்ததில் சிறிது, அணுக்களை எண்ணுவதற்காக, உறையாதிருக்க மருந்திட்ட ஊதா மூடிக் குழாய்க்குள் போயிற்று. மற்றது தானே உறைந்து சீரம் பிரிவதற்காக வேறொரு குழாயில் விடப்பட்டது.

மாலையில் வந்த தாளில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற பெயருக்கு எதிரே, அளவு மிகுந்திருப்பதாகத் தடித்த எழுத்தில் ஒரு குறி இருந்ததைக் கண்டு, ஈரல் கெட்டுவிட்டதென்றெண்ணி வீடே கலங்கிற்று. 1903இல் சென்னை வேப்பேரியில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அந்த வைத்தியரோ, குறியைப் பார்க்குமுன் குட்டியின் வயதைத்தான் கேட்டார். அந்த நொதி ஈரலில் மட்டுமன்றி எலும்பிலும் உண்டாவதாகையால், எலும்பு நாளொரு மேனியாக நீளும் பருவத்தில் அது மிகுந்திருப்பது வளர்ச்சியின் லட்சணமேயன்றி வியாதியின் லட்சணம் அன்று, பாஸ்பரஸும் அப்படியே. ஈரலின் அணுக்கள் சிதைந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஏ.எல்.டி. அளவோடுதான் இருந்தது.

இதற்கு நேர்மாறான அபாயமே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. தசை தேறாத குட்டிக்கு அது இயல்பிலேயே குறைவு. தாளில் அச்சிட்டிருப்பதோ பெரும்பாலும் வளர்ந்த நாய்க்குரிய எல்லை. ஆகவே, சிறுநீரகம் தளரத் தொடங்கிவிட்ட ஒரு குட்டியின் கணக்கும் அந்த எல்லைக்குள் அடங்கி, குறையொன்றுமில்லை என்று தோற்றமளிக்கக்கூடும். வளர்ந்த நாயிலுமே சிறுநீரகம் தன் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்த பிறகுதான் அது தெளிவாக எல்லை தாண்டுகிறது என்னும்போது, அந்த ஓர் எண்ணைக் கண்டு நிம்மதியடைவது தகாது. சிறுநீரின் அடர்த்தியையும் உடன் பார்க்கும்படி கேட்பது குட்டி வளர்ப்போரின் கடமை என்றே கருதுகிறேன்.

குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் புகாமல் வேறு வழியே போய்விடுகிற பிறவிக் குறையுள்ள குட்டிகளும் உண்டு. உடன்பிறந்தவை கொழுகொழுவென்று வளர, இது மட்டும் நலிந்திருக்கும், உண்டபின் தள்ளாடும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும். சாதாரணப் பரிசோதனை இதற்குப் போதாது. வெறும் வயிற்றில் ஒருமுறையும், உணவு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்துப் பித்த அமிலங்களை அளக்கவேண்டும். அதற்காக மிகச்சிறிய குட்டியை இராமுழுதும் பட்டினி போட்டுவிடலாகாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துவிடும்.

எங்கள் குட்டியின் தாளைப் பத்திரப்படுத்தி, அது வளர்ந்து முடிந்தபின் எடுக்கும் பரிசோதனையோடு ஒப்பிடச் சொன்ன வைத்தியர், படிவத்தில் வயது என்ற இடத்தில் வெறுமனே குட்டி என்று மொட்டையாக எழுதாமல், மாதக் கணக்கைத் தெளிவாக எழுதிக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.