மழைக்குப் பயப்படும் வயல்

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு, தண்ணீரைக் காயவிட்டுப் பிழைக்கிற தொழில் எளிதில் பிடிபடாது. எங்கள் பக்கத்துப் பேச்சு முழுவதும் தண்ணீர் சேர்வதைப் பற்றியது. குளம் எத்தனை அடி நிற்கிறது, வான் பாயுமா, சிறுபோகத்துக்கு எந்த வட்டை வரைக்கும் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் என்று தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாரை மறித்துக் கேட்காத ஆள் இல்லை. மட்டக்களப்பு நகரத்தின் குழாய்களில் வருவதும் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்ட இந்தக் குளத்துத் தண்ணீர்தான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் குளம் ஒடுங்குவதைப் பார்ப்பது, வீட்டுப் பெரியவர் ஒருவர் பாயில் கிடந்து மெலிவதைப் பார்ப்பது போல.

அதே வெயிலும் அதே காற்றும் வராதா என்று ஏங்குகிறவர்களைப் பார்க்கத்தான் ஆனையிறவு உப்பளத்துக்குப் போனேன்.

போகுமுன் ஊரில் ஒருவர் கேட்டார்: "ஏன் மகன், எங்கட வாவியிலயும் உப்புத்தண்ணிதானே, இஞ்ச ஏன் உப்பு விளையல்ல?" கேள்வி நியாயமானது. மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கடலோடு அதற்குத் தொடர்பும் உண்டு. ஆனால் மேற்கேயிருந்து ஆறுகளும், குளங்களின் மிகைநீரும், வயல்களின் வடிச்சலும் அதற்குள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மாரியில் வாவித் தண்ணீர் பாதி நன்னீர். மீனுக்கும் இறாலுக்கும் அது வாய்ப்பு, உப்புக்கு அது கேடு. ஆனையிறவுப் பக்கம் அப்படியல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. கடலேரி ஆழமில்லாமல் விரிந்து கிடக்கிறது, தரை தட்டை, சோளகக் காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் மழையே இல்லை. வயல்காரன் சாபம் என்று நினைப்பது எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடியிருக்கிறது.

ஏ9 வீதியில் பரந்தன் தாண்டியதும் மரங்கள் குறைந்து வெளி தொடங்குகிறது. பரந்தனில் ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். உப்பளம் அருகில் இருந்ததால்தான் அந்த ஆலை அங்கே வந்தது. போர் இரண்டையும் நிறுத்தியது. 1991 ஜூலையிலும் 2000 ஏப்ரலிலும் 2009 ஜனவரியிலும் ஆனையிறவுத் தரைப்பாலத்துக்காக நடந்த சண்டைகளை இலங்கையில் அறியாதவர் இல்லை. வீதியோரத்தில் சண்டையின் நினைவுச்சின்னமாக நிற்கும் புல்டோசரைப் பார்க்க இன்றும் பஸ்களில் ஆட்கள் வருகிறார்கள். 1990 முதல் கைவிடப்பட்ட பாத்திகளில் கண்ணிவெடிகளை அகற்றிய பிறகே உப்பு மறுபடி விளைந்தது. சுற்றுலாப் பயணிகள் புல்டோசருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உப்பளத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர் சிலரே.

உப்பளத்தில் முதலில் கண் கூசியது. வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழேயிருந்தும் அடிக்கிறது. "கறுப்புக் கண்ணாடி கொண்டுவரேல்லையோ அண்ணை?" என்று கேட்ட உப்பளத்துப் பெண், தன் தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக் காட்டினார். அதுதான் அவர்களுடைய கண்ணாடி. நீளக்கைச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை, சேலைக்கு மேலே ஆண்களின் ஷேர்ட். வெளியே தெரிந்தது விரல்களும் முகத்தில் ஒரு துண்டும் மட்டும்.

உப்பளம் என்றால் கடல்நீரைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். அங்கே நெடுங்காலம் வேலை செய்த பெரியவர் ஒருவர் வரம்பு வழியே என்னை நடத்திக்கொண்டு போனபோதுதான் இது நீர்ப்பாசனம் என்பது விளங்கியது. வாய்க்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது, மேட்டுப் பாத்தி, பள்ளப் பாத்தி இருக்கிறது. எங்கள் வாய்க்கால்களில் தண்ணீர் போகப் போகக் குறைகிறது. இங்கே போகப் போகக் கனக்கிறது.

கடலேரித் தண்ணீர் முதலில் பெரிய நீர்த்தேக்கங்களுக்கு வருகிறது. சேறு படிந்து தெளிந்ததும் அடுத்த கட்டுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு. ஒவ்வொன்றிலும் வெயிலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக நீரைக் குடிக்கின்றன. அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் மிதவை உண்டு. சாதாரணக் கடல்நீரில் அது மூன்றரை டிகிரி அளவில் நிற்கும். பத்தைத் தாண்டிப் பதினைந்து வரும்போது ஜிப்சம் கீழே படியத் தொடங்கும். அது உப்பு விளையும் பாத்திக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை கட்டுகள். இருபத்தைந்தைத் தாண்டும்போது கறியுப்பு மணி கட்டும். அந்த நேரத்தில் பத்து வாளித் தண்ணீரில் ஒரு வாளிதான் மீந்திருக்கும்.

"அங்கதான் விளையாட்டு" என்றார் பெரியவர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று ஏறவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கும். உப்பு கசக்கும், ஈரம் பிடிக்கும், மூட்டைக்குள்ளேயே அழும். எனவே அதற்கு முன் எஞ்சிய தண்ணீரை வெளியே திறந்துவிட வேண்டும். விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். உப்புக் கரிப்பு ஒரு கணம்தான். பின்னால் வந்த கசப்பு தேநீர் குடித்தும் போகவில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் இந்தக் கசப்புத் தண்ணீரை நஞ்சுத் தண்ணீர் என்பார்கள்.

ஒரு கணக்குப் பார்த்தேன். ஆயிரம் லீற்றர் கடல்நீரில் கரைந்திருப்பவை ஏறத்தாழ 35 கிலோ. அதில் கறியுப்பு 27 கிலோ அளவு. பாத்தியில் படிவதும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. அடித்தரையில் கொஞ்சம், கசப்புத் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும். கடைக்காரர் கிள்ளித் தரும் பொருள் என்று உப்பை நினைத்திருக்கிறோம். ஒரு பக்கெட் உப்புக்குப் பின்னால் எத்தனை வாளித் தண்ணீரை வெயில் தூக்கியிருக்கிறது!

சில கட்டுகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. சாயம் கலந்துவிட்டதோ என்று தோன்றும். கடும் உப்பிலும் வாழத் தெரிந்த நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. கெடுதல் இல்லை, நிறம் வெயிலைப் பிடித்து வைப்பதால் நீர் விரைவாக ஆவியாகிறது. பெரியவருக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது, ஆனால் எந்தச் சிவப்பு வந்தால் எத்தனை நாளில் மதகைத் திறக்கலாம் என்பது தெரியும். குழல் மிதவையை அவர் எனக்காகத்தான் எடுத்துவந்திருக்கிறார் என்று பிறகுதான் உறைத்தது.

உப்புக்காக மனிதன் இத்தனை பாடுபடாத இடங்களும் உலகில் உண்டு. ஆபிரிக்காவின் கொம்பில், ஜிபூட்டியின் அசால் ஏரி கடல் மட்டத்துக்கு 150 மீற்றருக்கும் கீழே, எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கற்களுக்கு நடுவே கிடக்கிறது. கடலைப்போலப் பத்து மடங்கு உப்பு. பக்கத்தில் எதியோப்பியாவின் டனகில் பள்ளத்தில், எர்ட்டா ஆலே எரிமலைக்கு வடக்கே, உப்புத்தரை தானே உறைந்து கிடக்கிறது. அபார் இன மக்கள் அதை நெம்புகோலால் பெயர்த்து, கைக்கோடரியால் ஓடுபோலச் செதுக்குகிறார்கள். ஒட்டகங்கள் மலைக்கு மேலே கொண்டுபோகின்றன. அந்த உப்புக் கட்டிகள் எதியோப்பியச் சந்தைகளில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் காசாகவே புழங்கின. அங்கே பாத்தி இல்லை, மதகு இல்லை, டிகிரி பார்ப்பவர் இல்லை. இருப்பது வெட்டுகிறவனும் சுமக்கிறவனும்தான்.

தானாக உப்புப் பூக்கும் ஏரி இலங்கையிலும் உண்டு. அம்பாந்தோட்டையின் லேவாய்கள் அப்படிப்பட்டவை. 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், உப்பு அள்ளுவிப்பதிலும் அதற்கு மாட்டுவண்டிகள் சேர்ப்பதிலும் நிறைய நேரத்தைக் கழித்தவர். உப்பு அன்று அரசின் ஏகபோகம். வீட்டு வாசலில் பூத்த உப்பை ஏழை ஒருவன் அள்ளினால் குற்றம். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோய் வேதாரண்யத்தில் அள்ளியதும் இதே குற்றத்தைச் செய்யத்தான். பருத்தித்துறைக் கரையிலிருந்து பார்த்தால் வேதாரண்யம் கடலுக்கு நேர் அக்கரை. இரண்டு கரைகளிலும் ஒரே வெயில், ஒரே சட்டம்.

ஆனையிறவில் உப்பு தானாகக் கிடைப்பதில்லை, அதைச் செய்கிறார்கள். அறிவு மதகுக்காரரிடம் இருக்கிறது. உடம்போ அள்ளுகிறவர்களுடையது. விடியப்புறம் இறங்கிவிடுகிறார்கள். நீளக் கம்பு பூட்டிய பலகையால் பாத்தியின் மேற்பரப்பை உடைத்து, அடிச்சேறு கிளம்பாமல் உப்பை மட்டும் இழுத்து வரம்போரம் கூட்ட வேண்டும். பலகை ஒரு விரற்கடை கீழே போனாலும் மண் கலந்து உப்பு கறுத்துவிடும். நான் இழுத்துப் பார்த்தேன். இரண்டு இழுப்பில் தோள் சொன்னது போதும் என்று. அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார்கள். குவியலில் உப்பு தண்ணீர் வடியக் கிடந்து, பிறகு பெரிய அம்பாரமாகும். மிச்சக் கசப்பும் அதில் ஒழுகிப் போகும். நாள்பட்ட உப்பு நல்ல உப்பு.

ஓர் அக்காவிடம் காலைக் காட்டச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவரே காட்டினார். குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் வெள்ளைத் தோல். "பூட்ஸ் தந்தாலும் உள்ளுக்கு உப்புத்தண்ணி போனா அது இன்னும் மோசம். வீட்ட போய் நல்லெண்ணெய் பூசுவன். நல்லெண்ணெய் விக்கிற விலைக்கு அதுவும் எல்லா நாளும் இல்லை." சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். தொகையைச் சொல்லவில்லை, நாளைச் சொன்னார்: "வேலை இருக்கிற நாளுக்குத்தான் காசு."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே உப்பளத்தின் பிரச்சினை முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே போய் அவர்கள் பாட்டை நேரில் பார்த்து ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த மாநிலத்தில் மழை மாதங்களில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளருக்கு அரசு 5,000 ரூபா நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது அண்மையில்தான். போதுமான தொகையல்ல. ஆனாலும் மழைக்காலத்தில் உப்பளத்துக் குடும்பத்துக்கும் வயிறு உண்டு என்பதை ஓர் அரசாங்கம் கணக்கில் எடுத்தது.

இங்கே 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதற்கு வைத்த 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயரைப் பற்றிப் பெரிய வாதம் எழுந்தது. ஆனையிறவில் விளைந்த உப்புக்கு ஆனையிறவின் பெயரே இருக்கவேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பெயருக்காகப் பேசிய வாய்களில் எத்தனை, சில வாரங்களில் அதே உப்பளத்துத் தொழிலாளர்கள் தங்கள் வேலை நிலைமைக்காக வாசலில் போராடியபோது பேசின? பொதியின் மேல் என்ன எழுத்து என்பது நமக்கெல்லாம் தெரிந்தது. பொதிக்குள் இருப்பதை இழுத்துக் குவித்தவரின் குதிகால் தெரியவில்லை.

அதே ஆண்டின் தொடக்கத்தில் பருவம் தப்பிய மழையால் உப்பளங்கள் கெட்டு, நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு உப்பை விலைக்கு வாங்குகிறதே என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பாத்தியைப் பார்த்தவர் கேலி செய்யமாட்டார். விளைந்து கிடக்கும் பாத்தியில் ஓர் இரவு மழை பெய்தால் உப்பு கரைந்து மறுபடி தண்ணீராகிவிடும். நெல் சாய்ந்தால் பாதியையாவது அறுத்தெடுக்கலாம். கரைந்த உப்பை எங்கே அறுப்பது?

இன்னொரு விசித்திரமும் இதே இடத்தில் உண்டு. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரை ஆனையிறவுக் கடலேரியில் மறித்து, அதை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அது இன்றும் பேசப்படுகிறது. அணைகள் கட்டப்பட்டன, வாய்க்கால் முடியவில்லை. உப்பே பயிரான வெளியில் நன்னீரைக் கனவு கண்டவர் அவர். குளத்தடியில் பிறந்த எனக்கு அந்தக் கனவு பிடிக்கிறது. வரம்பில் நின்றபோது அதை வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அம்பாரங்களைக் கிடுகும் படங்கும் போட்டு மூடிய பிறகு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல்களில் களை பிடுங்கப் போவார்களாம். தை, மாசியில் அருவி வெட்டும் இருந்தது, முன்பு.

"இப்ப?"

"இப்ப வெட்டு மெசின் வந்திட்டுதே அண்ணை. உங்கட பக்கமும் அப்பிடித்தானே?"

ஓம் என்றேன். உன்னிச்சையில் என் சொந்த வயலையும் போன போகம் மெசின்தான் வெட்டியது. ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து, அது எத்தனை பேருடைய கூலி என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குள் இறங்கினார்.