கொஞ்சம் மாறி உட்காருவீர்களா?

கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பானுக்குப் போய் வருகிறவர்களுக்குப் புக்கிட் தங்கா மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் சிறுவனாக இருந்தபோது, பேருந்து மலையேறத் தொடங்கியதுமே எனக்குக் குமட்டும். அம்மா வாய் திறப்பதற்குள் யாராவது எழுந்து சன்னலோரத்தைக் கொடுத்துவிடுவார். தமிழரானால், "பிள்ளையை இங்கே உட்கார வையம்மா" என்பார். மலாய்க்காரரும் சீனரும் கையால் காட்டுவார்கள்.

என் தாத்தா வந்த 'ரஜூலா' கப்பலிலும் அப்படித்தானாம். 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் நம் நாட்டுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்த இடமே அவரவர் இடம். கைப்பிள்ளைக்காரி வந்தால் பாயைக் கொஞ்சம் சுருட்டிக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கத்தோடு நான் விமானம் ஏறியதுதான் வம்பாயிற்று.

சென்ற பள்ளி விடுமுறையில், தாத்தாவின் ஊரைப் பார்க்க மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் சிப்பாங்கிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டேன். மலிவு விலைச் சீட்டு. விரும்பிய இருக்கை வேண்டுமானால் தனிக் கட்டணம். 'சின்னப் பிள்ளையைத் தனியாகவா விட்டுவிடுவார்கள்?' என்று எண்ணி அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன். கிடைத்ததோ மூன்று வெவ்வேறு வரிசைகள்! மகளுக்கு, முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில் இடம்.

மனைவிக்கும் நடு இருக்கைதான். அவளுக்குப் பக்கத்தில் நடைபாதையோர இருக்கை காலியாக இருந்தது. மகளை அதில் உட்கார வைத்துவிட்டேன். சற்று நேரத்தில், கைத்தடி ஊன்றிய ஓர் அம்மையார் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அவள் இடம் பின்னால் இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள்" என்றேன். வகுப்பறையில் பேசும் அதே குரல்!

"தம்பி, எனக்கு முழங்கால் மடங்காது. காலை நீட்டத்தான் கூடப் பணம் கட்டி இந்த இடத்தை வாங்கினேன். ஆனால் பிள்ளையை எழுப்ப எனக்கு மனசு வரவில்லையே" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு கேட்பது கேள்வியே அல்ல. அவர் தம் காலை வருத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் பிள்ளையை எழுப்பிய பழியை ஏற்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு அவரைத் தள்ளியவன் நான்.

விமானப் பணிப்பெண் வந்து வழி செய்தார். மனைவிக்கு மறுபக்கம் சன்னலோரத்தில் ஓர் இளைஞர் இருந்தார். என் இடமும் சன்னலோரமே என்பதால் மனமுவந்து மாறிக்கொண்டார். மகள் தாயருகே அமர்ந்தாள். அவளுடைய நடு இருக்கைக்கு நான் போனேன்.

நான்கு மணி நேரம் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது சிலவற்றை எண்ணிப் பார்த்தேன். உட்காருமுன் கேட்க வேண்டும். கேட்கிறவர், தாம் பெறுவதற்குக் குறையாத இடத்தைக் கொடுக்க வேண்டும். சிறு பிள்ளையோடு பெற்றவரில் ஒருவர் இருப்பது தேவை. குடும்பம் முழுவதும் ஒன்றாக இருப்பது வெறும் ஆசை. மறுப்பவரை முறைக்கக் கூடாது. பணிப்பெண்ணைக் கேளாமல் மாறவும் கூடாது. அவசர வழியை ஒட்டிய வரிசையில் பிள்ளைகளை உட்கார வைக்க அனுமதியில்லை. கைக்குழந்தைக்கு வேண்டிய கூடுதல் பிராணவாயு முகமூடி எல்லா வரிசையிலும் இருப்பதில்லை.

தவறு பயணிகளுடையது மட்டுமன்று. 12 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவருடனாவது உட்கார வைக்கவேண்டும் என்று இந்திய விமானத் துறை 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இத்தகைய விதி எங்கும் வந்தால் நல்லதே. வரும்வரை, மிச்சம் பிடித்த பணத்தின் சுமையை அடுத்தவர் முழங்காலில் ஏற்றாதிருப்போம்.

சென்னையில் இறங்கும்போது அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"மேலே இருக்கிற பெட்டியை எடுத்துக் கொடு தம்பி, அது போதும்" என்றார்.