ஒரு தாயின் கேள்வி

நீதியிருக்கையில் அமர்ந்திருந்த பிலாத்து, குற்றமற்றவர் எனத் தானே கண்டறிந்த ஒருவரை, வெளியே கூடி நின்ற கூட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்காகச் சிலுவைச் சாவுக்குக் கையளித்தான். பாடுகளின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கும் நாம் பிலாத்தின் கோழைத்தனத்தைக் கண்டிக்கத் தவறுவதில்லை. ஆனால் கூச்சலிட்ட அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராக நின்றிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாம் அவ்வாறு ஒருநாள் நின்றோம். பங்குத்தந்தை என்னும் பொறுப்பில் இருந்துகொண்டே நின்றோம். அதை நமக்கு உணர்த்தியவர், எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு தாய். அந்நிகழ்ச்சியை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

2010-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், விடுப்பில் சென்ற குரு ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதம் திருப்பலி நிறைவேற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்நகரெங்கும் தேர்தல் பேச்சாயிருந்தது. வீடுகளின் முன்புறப் புல்வெளிகளில் வேட்பாளர்களின் பெயர்ப் பலகைகள் நடப்பட்டிருந்தன. அவற்றில் பல நீதிபதிப் பதவிக்குப் போட்டியிடுவோரின் பெயர்கள் என்று அறிந்தபோது நாம் வியப்படைந்தோம். நம் நாட்டில் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்கள். அங்கோ பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதிகள் ஏதேனும் ஒரு வகையில் மக்களின் வாக்கை நாட வேண்டும். ஒகையோவில் 1851-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் முதல் இவ்வழக்கம் இருந்து வருகிறது. ஆறாண்டுப் பதவிக்காலம் முடிந்ததும், நீதிபதி மீண்டும் மக்கள் முன் நின்றாக வேண்டும்.

அவ்வாண்டு அந்நகரில் இன்னொரு பேச்சும் ஓயாதிருந்தது. அது ரிஃப்கா பாரி என்னும் இளம்பெண்ணின் வழக்கு. இலங்கையில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் 1992-இல் பிறந்த அவள், 2000-ஆம் ஆண்டில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவள். பள்ளிப் பருவத்திலேயே, பெற்றோர் அறியாமல், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டாள். 2009 ஜூலை மாதத்தில், பதினாறு வயதில், வீட்டைவிட்டு வெளியேறிப் பேருந்தேறி, ஏறத்தாழ 1500 கிலோமீட்டருக்கு அப்பால் ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ நகரை அடைந்தாள். முகநூல் வழியாக அறிமுகமான ஒரு போதகரின் குடும்பம் அவளுக்குப் புகலிடம் தந்தது. மதம் மாறியதற்காகத் தந்தையே தன்னைக் கொன்றுவிடுவார் என அஞ்சுவதாக அவள் கூறினாள். தந்தை அதை முற்றிலும் மறுத்தார். மகள் எம்மதத்தைப் பின்பற்றினாலும் வீட்டுக்கு வரட்டும் என்பதே பெற்றோரின் வேண்டுகோளாயிருந்தது. ஃபுளோரிடாவின் காவல்துறை விசாரித்து, அச்சுறுத்தலுக்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று அறிவித்தது.

இதற்குள் நீதிமன்ற வாயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு சாரார் அவளை மறைசாட்சியாகப் போற்றினர். மறு சாரார் அவளைப் போதகர்களால் ஏமாற்றப்பட்ட சிறுமி என்றனர். தொலைக்காட்சிகள் இரு சாராரையும் மோதவிட்டன. 2009 அக்டோபரில் அவள் ஒகையோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அங்கே சிறார் நீதிமன்றத்தின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பமொன்றில் வாழ்ந்தாள். 2010 ஆகஸ்டு 10-ஆம் தேதி அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. சட்டப்படி அவள் தன் வழியில் செல்லும் உரிமை பெற்றாள். அவ்வாண்டிலேயே புற்றுநோய்க்காக அவள் அறுவை சிகிச்சையும் பெற வேண்டியிருந்தது. பின்னர் 2015-இல் தன் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டாள். அவளுடைய விசுவாசம் சரியா தவறா என்று எந்த நீதிபதியும் தீர்ப்புக் கூறவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நாம் அங்கிருந்த நாட்களில் வழக்கு முடிந்திருந்ததே தவிர, வாதம் முடியவில்லை. ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின், தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நம்மை உணவுக்கு அழைத்தனர். இன்னும் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. பலர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தகுதி உடையவர்கள். சோறும் மீன்குழம்பும் பரிமாறப்பட்ட வேளையில் வீட்டுத் தலைவர் கேட்டார்:

“சுவாமி, நவம்பர் 2-ஆம் தேதி தேர்தல். நீதிபதிகளுக்கும் வாக்களிக்க வேண்டும். நாளை இன்னொரு பிள்ளை கிறிஸ்துவைத் தேடி வந்தால், அதைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பாத நீதிபதிதானே நமக்கு வேண்டும்? யாருக்கு வாக்களிப்பது என்று எங்களுக்கு வழிகாட்ட வேண்டும்.”

நாம் சற்றும் தயங்கவில்லை. வேட்பாளர் எவரையும் நாம் அறிந்திருக்கவுமில்லை. “பெயர் சொல்வது குருவுக்கு முறையன்று. ஆனால் கிறிஸ்துவுக்குச் சான்று பகரும் பிள்ளையின் பக்கம் நிற்கும் மனமுடையவர் எவரோ, அவருக்கே உங்கள் வாக்கு” என்று கூறினோம். எல்லாரும் தலையசைத்தனர். நம் பதில் நமக்கே மிகவும் பிடித்திருந்தது என்பதையும் இங்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அப்போது சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி பேசினார். அவர் வீட்டுத் தலைவரின் மாமியார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்.

“சாமி, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கட்டுமா? எம் இளைய மக பத்தொம்பது வயசுல வீட்ட விட்டுப் போயி, முஸ்லிம் பையனக் கட்டிக்கிட்டு அந்த வேதத்துலயே சேந்துட்டா. நான் அன்னைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தா, அங்க உக்காந்திருக்க ஜட்ஜய்யா அவங்க பக்கத்து ஆளா இருந்திருந்தா, என் அழுகைய யாரு கேட்டிருப்பா? இந்தப் புள்ளையோட அம்மாவும் இப்ப எங்கயோ உக்காந்து அழுதுட்டுத்தான சாமி இருப்பா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகளும் மருமகனும் தலை குனிந்தனர். குடும்பத்தில் பேசப்படாத அத்துயரம் அன்றுதான் பிறர் முன் வெளிப்பட்டது போலும். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு, அவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கூற இயலவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் குருமனைக்குத் திரும்பினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. படித்து மறந்த பாடங்களை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தோம். புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே சிக்கலை ஆராய்கிறார். விசுவாசியாத பெற்றோரின் குழந்தைகளை, அப்பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் திருமுழுக்காட்டலாமா? ஆகாது என்கிறார் புனிதர். அறிவு விளங்கும் பருவம் வரும்வரை குழந்தை இயற்கை நீதியின்படி பெற்றோரின் பொறுப்பில் உள்ளது. அதை மீறுவது அநீதி. ஆனால் சுயமாகச் சிந்திக்கும் பருவத்தை அடைந்தபின், கடவுளைச் சார்ந்த காரியத்தில் பிள்ளை தானே முடிவெடுக்கலாம். அப்போதும் அதை அறிவுறுத்தி அழைக்க வேண்டுமேயன்றிக் கட்டாயப்படுத்தலாகாது. இவ்வாறு ஒரே இடத்தில் தாயின் உரிமையையும் பிள்ளையின் மனச்சான்றையும் அவர் காக்கிறார்.

இந்நெறியைத் திருச்சபையின் மக்களாகிய நாமே மீறியதும் உண்டு. 1858-ஆம் ஆண்டில், திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்டிருந்த பொலோஞா நகரில், எட்கார்தோ மோர்த்தாரா என்னும் ஆறு வயது யூதச் சிறுவனை, வீட்டுப் பணிப்பெண் இரகசியமாகத் திருமுழுக்காட்டியிருந்தாள் என்ற காரணத்தால், காவலர் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுசென்றனர். பெற்றோரின் கண்ணீரும், பிற நாடுகளின் எதிர்ப்பும் அவனை மீட்டுத் தரவில்லை. அவன் உரோமையில் வளர்ந்து, குருவாகி, 1940-இல் இறந்தான். அவன் தன் விசுவாசத்தில் உறுதியாக நின்றான் என்பது உண்மையே. ஆயினும் அத்தாயின் கண்ணீருக்கு அது ஈடாகுமா? அன்று நீதி வழங்கும் இடத்தில் இருந்தவர்கள் நம்மவர்கள். நம்மவர்கள் என்பதனாலேயே அங்கு ஒரு தாயின் குரல் கேட்கப்படவில்லை.

2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, இத்தகைய தவறு மீண்டும் நேராதிருக்க வழிகாட்டுகிறது. ஒருவரை அவருடைய மனச்சான்றுக்கு எதிராக விசுவசிக்குமாறு வற்புறுத்தவும் கூடாது. மனச்சான்றின்படி விசுவசிப்பதைத் தடுக்கவும் கூடாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதையே கூறுகிறது. வயதுவந்தோர் திருமுழுக்குப் பெறத் தம் விருப்பத்தைத் தாமே வெளிப்படுத்த வேண்டும், போதிய மறைக்கல்வி பெற வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் சோதித்தறியப்பட வேண்டும் என்று அது பணிக்கிறது. மறுபுறம், இஸ்லாத்தைக் கைவிட்டவர்களுக்கு மரண தண்டனை என்று பண்டைய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் எழுதியுள்ளதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இன்றும் சில நாடுகளில் மதம் மாறியோர் உயிருக்கு அஞ்சி வாழ்கிறார்கள். அதே வேளையில், மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்னும் திருக்குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி, அத்தண்டனையை மறுக்கும் இஸ்லாமிய அறிஞர்களும் உள்ளனர். ஆகவே அப்பெண்ணின் அச்சத்தை நகைத்துத் தள்ளவும் கூடாது. அந்த அச்சத்தைக் கொண்டு ஒரு தந்தையை விசாரணையின்றிக் குற்றவாளியாக்கவும் கூடாது. இரண்டையும் பொறுமையாகக் கேட்டு ஆராய்வதற்கல்லவோ நீதிபதி இருக்கிறார்!

அந்நீதிபதியை “நம் பக்கத்து ஆளாக”த் தேர்ந்தெடுங்கள் என்று நாம் கூறியிருந்தோம். அண்டை மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததை அங்குள்ள ஒரு வழக்கறிஞர் நமக்கு எடுத்துரைத்தார். 2004-ஆம் ஆண்டுத் தேர்தலில், நிலக்கரி நிறுவனமொன்றின் தலைவர், ஒரு வேட்பாளர் மாநில உச்சநீதிமன்ற நீதிபதியாவதற்கு ஆதரவாக ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவிட்டார். வென்ற அந்நீதிபதி, அதே நிறுவனத்தின் வழக்கை விசாரிப்பதிலிருந்து விலக மறுத்தார். ஐந்து கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டிய அந்நிறுவனம் ஒரே வாக்கு வேறுபாட்டில் விடுவிக்கப்பட்டது. 2009 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அவர் அவ்வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து நீதிபதியைத் தமதாக்கிக் கொள்வது கேடு என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். வாக்கைக் கொடுத்து அவரைத் தமதாக்கிக் கொள்வது மட்டும் புண்ணியமாகுமா? நீதியைப் புரட்டாதே, முகத்தாட்சணியம் காட்டாதே, கையூட்டு வாங்காதே என்று இணைச்சட்ட நூல் நீதித்தலைவர்களுக்கு இடும் கட்டளையில், நம் சமயத்தாருக்கு மட்டும் விலக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு நாமாகவே அவ்வீட்டுக்குச் சென்றோம். முதலில் அந்த மூதாட்டியிடம், “அம்மா, நான் யோசியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள்” என்றோம். பின் மற்றவர்களிடம் நாம் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். “நீதிபதிக்கு வாக்களிக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் சட்டம் அறிந்தவரா? இரு தரப்பையும் பொறுமையோடு கேட்பவரா? யாருக்கேனும் கடன்பட்டவரா? உங்களுக்கும் அவர் கடன்பட்டவராக இருக்கலாகாது” என்றோம்.

வீட்டுத் தலைவருக்கு மன நிறைவு உண்டாகவில்லை. “அப்படியானால் நம்மைத் தேடி வரும் பிள்ளையை யார் காப்பாற்றுவது, சுவாமி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “நேர்மையான நீதிபதி காப்பாற்றுவார். உயிருக்கு ஆபத்து உண்டென்றால், நம்மவர் அல்லாத நீதிபதியும் அதைக் கண்டறிந்து காப்பாற்றக் கடமைப்பட்டவர். அவளுக்கு அன்பும் செபமும் உறைவிடமும் தருவது நம் கடமை. ஆனால் பெற்றோரிடம் பொய் சொல்லுமாறு அவளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமையன்று” என்று விடையளித்தோம். அவர் அதை முழுமையாக ஏற்றாரா என்று நமக்குத் தெரியாது. ஏற்காதவராயினும் வாயிற்படி வரை வந்து வழியனுப்பினார்.

நாடு திரும்பிச் சில ஆண்டுகளுக்குப்பின், தூத்துக்குடிப் பனிமய அன்னையின் திருவிழாக் கூட்டத்தில் அந்த மூதாட்டியைச் சந்தித்தோம். இளைய மகளைப் பற்றி விசாரித்தோம். “வாறா சாமி, புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாறா. நோன்பு மாசத்துல வந்தா விடியக்காலம் மூணு மணிக்கே எந்திரிச்சு நாந்தான் சோறாக்கிக் குடுக்கேன். அவ சாப்புட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்துல உக்காந்து செபமாலை சொல்லுவேன். அவளுக்காகத்தான் சொல்லுதேன்னு அவளுக்கும் தெரியும்” என்றார்.

தன் விசுவாசத்தை அத்தாய் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை, மகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் திரும்பி வருவாள் என்னும் நம்பிக்கையை எந்த நீதிமன்றத்தின் கையிலும் அவர் ஒப்படைக்கவில்லை. அன்னையின் கையில் ஒப்படைத்திருக்கிறார். நம் குடும்பங்களிலும் இத்தகைய பிரிவு நேர்ந்திருக்கலாம்; நாளை நேரவும் கூடும். நம்மிடம் வந்த பிள்ளைக்காக மகிழும்போது, அப்பிள்ளையை இழந்து வாடும் தாய்க்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லப் பழகுவோம். நம்மைவிட்டுச் சென்ற பிள்ளைக்கு வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்போம். மனிதரின் உள்ளங்களைத் தீர்ப்பிடும் இருக்கையில் அமர்ந்திருப்பவர் ஒருவரே. அவர் எவருடைய வாக்கினாலும் அங்கு அமரவில்லை.