எல்லா வேலைக்கும் ஒரே மெஷின்

சென்ற வாரம் மாலை நடையின்போது ஒரு நண்பர் கேட்டார்: "தோப்புக்கு ஒரு மரம் அறுக்கிற மெஷின் வாங்கணும் சார். எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதே கேள்விக்கு ஒரு முறை நான் பதில் சொல்லி, என் அக்கா மகனுக்குத் தோளில் பதினான்கு தையல் போட்டார்கள். அதை எழுதாமல் அவருக்குப் பதில் சொல்வது முறையாகாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை கடந்தது. புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாகூர்ப் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டத்தில் மூன்று மா, ஒரு பலா, ஒரு பெரிய புளி, பத்துப் பன்னிரண்டு தென்னை, எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. வீட்டுக்குள் போக வேண்டுமானால் புளியமரக் கிளைகளுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். கோடாரி, ரம்பம் வைத்திருந்தவர்களுக்கு அப்போது ராஜ மரியாதை. கேட்ட கூலி கொடுத்தாலும் ஆள் வரவில்லை. மின்சாரமும் இல்லை.

"மாமா, ஒரு மெஷின் வாங்கிட்டா நாமே அறுத்துக்கலாம். அக்கம்பக்கத்துலயும் வேலை இருக்கு" என்றான் மருமகன். நான் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை, கையில் பணம் இருந்தது. "நான் பார்த்து வாங்கித் தர்றேன்" என்றேன்.

அலுவலகத்தில் பல வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். பழக்கம் விடுமா? மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். இன்ஜின் எத்தனை சிசி, பிளேடு எத்தனை அங்குலம், விலை என்ன. ஒரு மெஷின் 58 சிசி, 22 அங்குலம். சக்தி அதிகம், நீளம் அதிகம், விலையோ மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் பாஷையில் எல்-1. யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா அதற்குக் குங்குமம் வைத்தாள்.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. மருமகன் தன் தோட்டத்தை முடித்து, பக்கத்துத் தோட்டங்களுக்கும் போக ஆரம்பித்தான். கனமான மெஷின், சாயங்காலம் வந்தால் கை நடுங்கும் என்பான், டம்ளர் பிடிக்க முடியாது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் விழுந்து கிடந்த மாமரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். பிளேடு நீளமாக இருந்ததால் அதன் நுனி இலைகளுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மறைவில் இருந்த இன்னொரு கிளையில் நுனி இடித்ததும் மெஷின் அப்படியே மேலே எகிறி அவன் முகத்தை நோக்கி வந்திருக்கிறது. தலையைச் சாய்த்ததால் கழுத்து தப்பியது, இடது தோள் கிழிந்தது. நான் போனபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அக்கா என்னைப் பார்த்து, "நீ வாங்கிக் கொடுத்ததுதானேடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு இன்று வரை அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

அன்றிரவு அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அடியில் பல பாஷைகளில் அச்சடித்த கையேடு ஒன்று பிரிக்காமலே கிடந்தது. ஆங்கிலம் அரைகுறையாக இருந்தது. பிரெஞ்சுப் பகுதி சுமாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். இயந்திரம் என்றாலே இன்றைக்கும் அந்தச் சொற்கள்தான் முதலில் வரும். செயின் சாவை அவர்கள் த்ரோன்சொனேஸ் என்பார்கள். அதில் 'ரெபோன்' என்ற தலைப்பில் ஒரு பக்கம். பந்து தரையில் பட்டு எம்புகிறதே, அதற்கும் அதே சொல்தான். பிளேடு நுனியின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால், ஓடும் செயின் அதைக் கடித்து, மெஷினையே அறுப்பவன் பக்கம் தூக்கி எறியும் என்று படத்தோடு போட்டிருந்தது. உத்தியோக காலம் முழுவதும் கோப்புகளின் கடைசி வரி வரை படித்துக் கையெழுத்துப் போட்டவன், இதில் விலைப்பட்டியலை மட்டும் படித்திருக்கிறேன்.

பிறகு கடலூரில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் மெஷினைக் கொண்டுபோனேன். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தகடு இருக்கும். மெஷின் எகிறும்போது அது முன்னால் சாயும். உடனே உள்ளே இருக்கும் உலோகப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடித்துச் செயினை நிறுத்திவிடும். அதுதான் பிரேக். அவர் மூடியைக் கழற்றினார். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களி போல அடைத்திருந்தது. பட்டை துருப்பிடித்துப் பிடிமானமே இல்லாமல் இருந்தது. "தினமும் ஸ்டார்ட் பண்றப்ப பிரேக் பிடிக்குதான்னு பார்த்தீங்களா சார்?" என்றார். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தோள் ஆறியதும் மருமகன் மறுபடியும் மெஷின் வேண்டும் என்றான். அக்கா உள்ளே போய்விட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் அவனுக்கு அது பிழைப்பாகிவிட்டிருந்தது. இந்த முறை மெக்கானிக்கிடமே கேட்டேன். அவர் சிசியைக் கேட்கவே இல்லை. யார் பிடிக்கப் போகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதிகம் அறுப்பது எந்த மரம் என்று கேட்டார். பிறகு, உதிரி பாகம் புதுச்சேரியிலோ கடலூரிலோ அன்றைக்கே கிடைக்காத எந்த மெஷினையும் தொடாதீர்கள் என்றார்.

முடிவாக வாங்கியது ஸ்டில் கம்பெனியின் 45 சிசி மெஷின், 18 அங்குல பிளேடு. பிளேடு இல்லாமல் ஐந்து கிலோவுக்குள். பெரிய மரத்துக்கு 18 அங்குலம் போதுமா என்று நான் இழுத்தேன். இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் முப்பது அங்குல மரத்தையும் முடிக்கலாம் என்றார் மெக்கானிக். புளியமரத்தில் பார்த்தும் விட்டோம். மெல்லிய கிளை கழிப்பதற்கும் கனம் தெரியாது. எல்லா வேலைக்கும் ஒன்று என்றால் நடுவில் இருப்பதுதான். மிகப் பெரிய மரம் வருடத்துக்கு ஒன்று வரும், அதற்கு வாடகை மெஷின் இருக்கிறது. கரண்ட்டில் ஓடுவதும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் புயலுக்கு மறுநாள் கரண்ட்டுக்கு எங்கே போவது?

(அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926-இல் செய்த முதல் செயின் சா மின்சாரத்தில் ஓடியது, 48 கிலோ எடை, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் செயினின் பல்வரிசையோ அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946-இல், மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் தாடையை இடமும் வலமும் அசைத்துத் தின்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தது. படித்ததிலிருந்து புழுக்களின் மேல் எனக்குத் தனி மரியாதை.)

மெஷினைவிடச் செயினுக்குத்தான் பாடுபட வேண்டும் என்பது போகப் போகத் தெரிந்தது. தென்னை பார்க்க மென்மை. வெளிப்பக்கம் கல் மாதிரி, நார் வேறு சுற்றிக்கொள்ளும். தரையை ஒட்டி அறுத்தால் பட்டையில் இருக்கும் மண்ணே பல்லை மழுக்கிவிடும். தூள் பூத்துப் பூத்துச் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் உடனே நிறுத்தி வட்ட அரத்தால் தீட்ட வேண்டும். எங்கள் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாகவே இழுக்கும். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். இதை அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அது வேண்டாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. பாகூரில் பக்கத்து வீட்டு வேப்பமரம் வேரோடு சாய்ந்து அவர்கள் வாசலை அடைத்திருந்தது. தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மருமகன் ஹெல்மெட், கண்ணாடியோடு நின்று, வேர்க்குழிக்குள் இறங்கி விளையாடிய பிள்ளைகளை அதட்டி வெளியே ஏற்றிக்கொண்டிருந்தான். மரத்தின் கனம் குறைந்ததும் வேர்க்கட்டி சட்டென்று எழுந்து பழையபடி குழியில் உட்கார்ந்துவிடும். உள்ளே இருந்தவர் கதி அவ்வளவுதான். பிறகு தகட்டை முன்னால் தள்ளி பிரேக்கைப் பார்த்தான். வளைந்து நின்ற கிளையில் முதலில் அழுத்தம் உள்ள பக்கம் கொஞ்சம், பிறகு மறுபக்கம். தண்டில் பிளேடு கடித்துக்கொள்ளாமல் ஆப்பு வைத்தான். மத்தியானத்துக்குள் வாசல் திறந்துவிட்டது. அக்கா திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பருக்கு என் பதில் இது. உங்கள் தோப்பில் அதைப் பிடிக்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் தூக்கிப் பார்க்கட்டும். 45 சிசி, 16 அல்லது 18 அங்குலம் பாருங்கள். ஹெல்மெட்டுக்கும் அரத்துக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் மெஷின் வாங்குங்கள். கையேட்டைப் பிரித்துப் படியுங்கள். பிரெஞ்சில் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். அந்த 58 சிசி மெஷின் செயின் கழற்றியபடி அக்கா வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.