காமினியில் ஒரு மத்தியானம்!

"ஒரே ஒரு நாள்... கணக்குப் பார்க்காம இருக்கணும். முடியுமா உங்களால?"

ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கும் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போதே மனைவி போட்ட கண்டிஷன். நியாயம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் தேனிலவுக்கு ஊட்டி போனோம். மார்ச் மாதக் கடைசி. லாட்ஜ் அறையில் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரின் பேரேட்டை டேலி பண்ணிக் கொண்டிருந்தேன். (பி.காம். மாப்பிள்ளை என்றால் சும்மாவா?) அவள் தனியாக ஏரிக்குப் போய், "போட்ல போனேன், நல்லாருந்தது" என்று திரும்பி வந்தாள்.

"முடியும்" என்றேன், வீரமாக.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஹைட்ரா தீவு வந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் 'ஈத்ரா' என்கிறார்கள். இறங்கியதும் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஹாரன் சத்தமே இல்லை! கார், பைக் எல்லாவற்றுக்கும் இங்கே தடை. குப்பை லாரி மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றபடி சிமென்ட் மூட்டையிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை கோவேறு கழுதை மேல்தான் பயணம். நம்ம ஊர் ஆட்டோ ஸ்டாண்டு போலத் துறைமுகத்தில் வரிசையாக நிற்கின்றன, மீட்டர் போடாமல்!

ரேட் கேட்க வாயெடுத்தேன். மனைவி முறைத்தாள். பெட்டியை நானே தூக்கிக் கொண்டு படியேறினேன். "உடம்புக்கு நல்லது" என்றேன். மூச்சு வாங்கியதில் அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

1957-ல் வந்த 'பாய் ஆன் எ டால்ஃபின்' படத்துக்காக ஸோஃபியா லாரன் வந்து போன தீவு இது. பாடகர் லெனார்ட் கோஹன் 1960-ல் இங்கே 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அன்றைக்கு டாலர் 4 ரூபாய் 76 பைசா. ஆக மொத்தம்...

"என்ன, உதடு அசையுது?"

"ஸ்லோகம்!"

7,140 ரூபாய் ஸார்! கடல் பார்த்த ஊரில் சொந்த வீடு!

"சரி, சாப்பிட காமினிக்குப் போலாமா?" என்றேன்.

"யாரு அவ?"

பக்கத்து மீன்பிடித் துறையின் பெயர்தான் காமினி. கடலோரமாக நடந்தால் கால் மணி நேரம். அங்கே தண்ணீர் ஓரம் மேஜை போட்டிருந்தார்கள். ஃபாவா என்று ஒன்று வந்தது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேக வைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம். சாட்சாத் நம்ம வீட்டுப் பருப்பு மசியல்! அப்புறம் குட்டிக் கோப்பையில் கிரீஸ் காபி. அடியில் மண்டி நிற்கும். கலக்காமல் குடிக்க வேண்டும்.

குடித்து ஒரு மணி நேரமாகியும் பில் வரவில்லை. நம்ம ஊரில் கடைசி வாய் தயிர் சாதத்துக்கு முன்பே பில் வந்து, டம்ளருக்கடியில் படபடக்கும். இங்கே நாமாகக் கேட்டால்தான் கொண்டு வருவார்கள். அதுவரை மேஜை நம்முடையது. எனக்குக் கை பரபரத்தது. கேட்டால் தொகை தெரியும். தெரிந்தால் மனசு பெருக்க ஆரம்பித்துவிடும். கேட்கவில்லை. படகுகள் ஆடுவதைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு ஊட்டில நான் போட்ல ஏறவே இல்ல" என்றாள் திடீரென்று.

"நல்லாருந்ததுன்னு சொன்னியே?"

"எல்லாரும் ஜோடி ஜோடியா ஏறினாங்க. தனியா ஏறக் கூச்சமா இருந்துச்சு. மூணு மணி நேரம் கரையில உக்காந்திருந்துட்டு வந்தேன்."

ஏழு வருஷமாக இதைச் சொல்லவில்லை. சண்டையில்கூட! எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளும் பதிலை எதிர்பார்த்த மாதிரி இல்லை. இன்னொரு காபி சொன்னாள். வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தோம்.

பில்லைக் கடைசியில் அவள்தான் கேட்டாள். பணத்தை வைத்துவிட்டு, சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக் கொண்டாள். எனக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலை பெட்டியைக் கோவேறு கழுதை மேல் ஏற்றச் சொன்னேன். ரேட் கேட்கவில்லை.