மூட்டை முடிச்சும் மோட்டார் சைக்கிளும்

மணாலியிலிருந்து லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் குட்டி மலைபோல் ஒரு மூட்டை! ‘ஊசி குத்தக்கூட இடமில்லையே!’ என்று தோன்றும். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் ஒரு வாரச் சமையலையே அடக்கிவிடும் உங்கள் கண்ணுக்கு, அந்த வண்டியில் மூலைக்கு மூலை இடம் தெரியும்.

2020-ல் திறந்த அடல் சுரங்கத்தைக் கடந்தால் லாஹூல். அங்கே சந்திரா, பாகா நதிகள் கூடும் இடம் தாந்தி. ‘அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில்’ என்று அங்கே வைத்த பலகை யாத்திரிகர்களிடையே மிகப் பிரசித்தம்.

கணக்குப் போடுங்கள். சென்னையைச் சேர்ந்த என்ஃபீல்டு கம்பெனி, 2016-ல் வெளியிட்ட ‘ஹிமாலயன்’ வண்டியின் டாங்கி 15 லிட்டர். மலையேற்றத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால் 375. மிச்சம் பத்தே கிலோமீட்டர்! அதனால்தான் டாங்கியின் இரு புறமும் உள்ள கம்பிச் சட்டங்களில் பெட்ரோல் டின்களைக் கட்டுகிறார்கள். கழுத்துவரை நிரப்பக் கூடாது. பெட்ரோல் விரிய இடம் வேண்டும். சைலன்ஸர் பக்கம் டின் போகவே கூடாது.

மற்றவை? சீட்டுக்கு அடியில் ஸ்பேனர்களும் பஞ்சர் சாமான்களும். துணிகளைச் சுருட்டி வைத்தால் மடிப்பதைவிட இடம் மிச்சம். மாற்றுக் கிளட்ச் ஒயருக்கு இடமே வேண்டாம். பழைய ஒயரை ஒட்டியே கட்டிவிடலாம். நடுக்காட்டில் ஒயர் அறுந்தால், புதியது பக்கத்திலேயே காத்திருக்கும்!

கனமானவை கீழே, இரண்டு பக்கமும் சமமாக, லேசானவை மேலே. இது வெறும் அழகுக்கல்ல. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் சாலையின் குறுக்கே பெருகும். மேலே கனத்த வண்டி அந்தக் கூழாங்கற்களில் தடுமாறினால் காலூன்றிச் சமாளிப்பது கடினம்.

17,480 அடி உயரத் தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதிதான். தலைவலி, குமட்டல் வரலாம். மருந்தும் குடிநீரும் மூட்டையின் அடியில் கிடந்து என்ன பயன்? கைக்கெட்டும் டாங்கிப் பையில் அவை இருக்கட்டும். அங்கே சிப்ஸ் பாக்கெட்டே பலூனாக உப்பும். ஷாம்பு புட்டியைத் தனிப் பையில் கட்டுங்கள்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ கிளம்பினால், முறுக்கு டின்னைக் கொடுக்க மறக்காதீர்கள். ஆனால் அதையும் உச்சியில் கட்ட விடாதீர்கள்!