காசு கொடுத்து வாங்கிய புல்

“புல்லையும் காசி குடுத்தா மகன் வாங்கின?”

லொறியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த புல் துண்டுகளைப் பார்த்துவிட்டு உம்மா கேட்ட கேள்வி இது. மொத்தம் அறுநூறு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி. மலேசியப் புல் என்ற பெயரில் விற்கிறார்கள். வாப்பா வேளாண்மை செய்தவர். வயலில் புல் பிடுங்கியே முதுகு வளைந்தவர். வரம்பில் அறுகு தலைநீட்டினால் அன்று முழுவதும் வீட்டில் அதுதான் பேச்சு. அப்படிப்பட்டவரின் வளவுக்குள் அவரது மகன் புல்லை விலைக்கு வாங்கி வந்து இறக்கினால், உம்மா வேறு என்னதான் கேட்பார்?

உம்மாவுக்காகவே வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு முழங்கால் நோவு. மணலில் கால் புதைகிறது, புல்லென்றால் நடப்பது இலகு. இது பாதி உண்மை. கொழும்பில் முப்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழில் செய்தவனுக்கு, பேட்டி காணச் சென்ற பெரிய வீடுகளின் பச்சைத் தரைகள் மீது ஓர் இரகசிய ஆசை இருந்தது என்பது மற்றப் பாதி.

பாலமுனையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல். வயல்கள் குளத்து நீரையும் வாய்க்காலையும் நம்பியிருப்பவை. கடலோரத்து மணல் வளவுகளுக்கோ மழை ஒன்றே கதி. ஐப்பசி தொடங்கி மூன்று மாதங்கள் பெய்வதை மணல் குடித்து வைத்துக்கொள்ளும். மிகுதி மாதங்களில் கிணறு அதையே திருப்பித் தரும்.

அந்த மணல் முற்றத்தை உம்மா சுபஹுத் தொழுகை முடிந்ததும் கூட்டுவார். விளக்குமாற்றின் கோடுகள் வளைவளைவாக விழுந்திருக்கும். அதில் முதல் காலடியை வைப்பதற்குச் சிறுவயதில் நாங்கள் சண்டை பிடித்ததுண்டு. நெல் காய்ந்ததும், நிலாக் காலத்தில் பன்பாய் விரித்து ஊர்க்கதை பேசியதும், வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்தவர்கள் அமர்ந்ததும் அதே மணலில்தான். ஒரு சருகுகூட இல்லாத வெண்மணல்தான் எங்கள் பக்கத்தில் ஒழுங்கான வீட்டுக்கு அடையாளம். முற்றத்தில் புல் இருந்தால் அது ஆளில்லாத வீடு என்று பொருள்.

சென்ற ஆண்டு பெப்ரவரியில், மழை ஓய்ந்த கையோடு வேலையைத் தொடங்கினோம். நாலு அங்குல ஆழத்துக்கு மணலை வாரி வெளியேற்றி, வண்டல் மண்ணும் மாட்டெருவும் கலந்து பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்தார்கள். செங்கல் அடுக்குவதைப்போல, ஒரு வரிசையின் பொருத்து அடுத்த வரிசையின் பொருத்தோடு நேராக வராதபடி துண்டுகளைப் பதிக்க வேண்டும். ஓரங்கள் நெருக்கி முட்ட வேண்டும். இடைவெளி விட்டால் காற்று புகுந்து வேர் காயும். பின்னர் பலகை வைத்து மிதித்து இறுக்கி, இரண்டு வாரங்களுக்குக் காலையும் மாலையும் நீர் விட வேண்டும். துண்டின் மூலையை மெல்லத் தூக்கிப் பார்த்து, தூக்க வராவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அறியலாம். எங்களுடையதும் பிடித்தது. மார்ச் மாதத்தில் முற்றம் பச்சைப் பட்டு விரித்தது போலிருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். உம்மா மட்டும் அதில் இறங்கவில்லை. ஓரத்தில் மிஞ்சிய மணலையே கூட்டிக்கொண்டிருந்தார்.

மே மாதம் கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வரும் அந்த அனற்காற்றை அனுபவித்தவர்களுக்கே அது விளங்கும். அறுநூறு சதுர அடிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் என்றால் கணக்குப்படி 280 லீற்றர் போதும். ஆனால் நாலு அங்குல வண்டலுக்குக் கீழே இருப்பது மணல். விட்டதெல்லாம் இறங்கிப் போனது. ஆகவே கிணற்று மோட்டரைக் காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும் ஓட விட்டேன். நான் கொழும்பில் இருந்த நாட்களில் அதற்கென ஒரு பையனை அமர்த்தியிருந்தேன். புல்லின் நுனிகள் பழுப்பதாக அவன் தொலைபேசியில் சொன்னான். இன்னும் கூடுதலாக விடு என்றேன்.

ஜூலையில் ஊர் வந்த என்னை அயல்வீட்டு ராத்தா வேலியோரமாக அழைத்தார். “தம்பி, குறை நினைக்காதீங்க. எங்கட கிணத்துத் தண்ணி கரிக்குது. ஒங்கட மோட்டர் ஓடத் தொடங்கின பொறகுதான்.” குழாய் நீர் வந்துவிட்டது என்றாலும், உடுப்புக் கழுவவும் கன்றுகளுக்கு ஊற்றவும் அவருக்குக் கிணறுதான். அவருடைய கறிவேப்பிலை மரம் உச்சியிலிருந்து காய்ந்திருந்தது. எங்கள் கிணற்று நீரை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். உவர்.

எனக்கு ஏற்பட்ட வெட்கத்துக்குக் காரணம் வேறொன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, இலங்கையில் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. அடுத்து வந்த வாரங்களில் இக்கரையோரம் முழுக்க அலைந்து செய்தி எழுதினேன். கடல் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். சில இடங்களில் இறைக்க இறைக்க உப்புத்தான் கூடியது. அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம், மழை கழுவும்வரை பொறுத்திருங்கள் என்று நிலத்தடி நீர் அறிந்தோர் எச்சரித்தார்கள். காரணமும் சொன்னார்கள். கடலோர மணலுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர்கள், ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் மற்றவர் 1901இலும், தனித்தனியே கண்ட கணக்கு இது. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறி வரும்.

அதையெல்லாம் கேட்டு, எளிய தமிழில் எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டு வெளியிட்டவன் நான். “இறைக்காதீர்கள்” என்று ஊருக்குச் சொன்னவன்!

வாளியால் அள்ளிய காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. கை சோர்ந்ததும் கிணறும் ஓய்வெடுத்தது. உம்மா இன்றும் வாளியால்தான் அள்ளுகிறார், அரை வாளிக்கு மேல் முடிவதில்லை என்றாலும்.

மோட்டரை அன்றே நிறுத்தினேன். ஒரு மாதத்தில் மலேசியப் புல் வைக்கோலாயிற்று. ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அவர் தேநீர் தந்து பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அது ஏசியதைவிடக் கடினமாக இருந்தது.

பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. துண்டுகளின் பொருத்துகளுக்கிடையே யாரும் நடாத அறுகு எழுந்தது. எருவோடு வந்ததோ, வாப்பாவின் காலத்து வேரோ, அறியேன். உவரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும் புல் அது. அமெரிக்காவில் பெர்மியூடா புல் என்று பெயரிட்டுக் காசுக்கு விற்பதும் இதே அறுகைத்தான். உம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப வாப்பா புடுங்கி எறிஞ்சதெல்லாம் காசிதான்” என்றார்.

நவம்பர் மழையில் கிணறு மெல்ல மெல்லத் தெளிந்தது. காய்ந்த துண்டுகளைச் சுருட்டி எடுத்துத் தென்னைகளின் அடியில் போட்டோம். வண்டலை வாரிவிட்டு, வேலியோரம் குவித்திருந்த பழைய மணலை மறுபடி கொட்டினோம். உம்மா நடப்பதற்காகப் படியிலிருந்து கிணறுவரை சீமெந்துக் கற்கள் பதித்தாயிற்று. அதை முதலிலேயே செய்திருக்கலாம். கிணற்றடியில் மட்டும் எட்டோ பத்தோ மலேசியத் துண்டுகள் பச்சையாக நிற்கின்றன. உம்மா ஐந்து வேளையும் வுழூச் செய்யும் நீர் அங்கேதான் வடிகிறது.